ஒரு மீட்டர் வடகிழக்கே

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு என் கோபம்தான் தெரியும். முப்பது வருடங்களுக்கு மேல் சித்தூர், திருப்பதிப் பக்கங்களில் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டார்கள். சாதித்தது எதையாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாயுடுபேட்டை பக்கம் நெடுஞ்சாலைக்கு நிலம் அளந்தபோது, அரிவாளோடு வழிமறித்தவனை அதட்டி உட்கார வைத்த கதை ஒன்று என்னிடம் உண்டு. சொன்னால் நீங்கள் கை தட்டுவீர்கள், எனக்கும் மனசு குளிர்ந்துபோகும். ஆனால் அதில் நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. அதனால் ஒரு நல்ல மனிதரை நான் திருடனாக்கிய கதையைச் சொல்கிறேன். அவர் பெயரை ஏகாம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாநிலம் முழுக்க மறு சர்வே நடந்துகொண்டிருந்த காலம். ஊர் நகரிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. விஜயபுரம் பஸ்ஸில் போய் இறங்கி, ஏரிக்கரை மேல் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். நெல்லும் வேர்க்கடலையும் போடும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே. வயலை அங்கே கொல்லை என்பார்கள். ஏகாம்பரத்தின் கொல்லைக்குக் கிழக்கே தனபாலின் கொல்லை. தனபால் வேறு யாரும் இல்லை, ஏகாம்பரத்தின் தங்கையைக் கட்டியவர். போதாததற்கு, ஏகாம்பரத்தின் மகளைத் தனபாலின் மூத்த மகனுக்குக் கொடுப்பதாக நிச்சயமாகி, தை மாதத்தில் முகூர்த்தமும் குறித்திருந்தார்கள்.

மறு சர்வே வருகிறது என்றால் ஊரில் எல்லோரும் வரப்பையே உற்றுப் பார்க்க ஆரம்பிப்பார்கள். நேற்றுவரை கண்ணில் படாத ஒரு சாண் நிலம் இன்றைக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். தனபாலுக்கும் அப்படித்தான் சந்தேகம் வந்தது. இரண்டு கொல்லைக்கும் நடுவில் நின்ற சர்வே கல், முன்பு இருந்த இடத்தில் இல்லை என்று மனு கொடுத்தார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. அளந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் எழுதியிருந்தார்.

என்னிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. பதினெட்டு வருடங்களுக்கு முன், அந்தப் பக்கம் ஒரு கால்வாய் வெட்டுவதாக இருந்தது. ஹைதராபாத்திலிருந்து ஒரு குழு வந்து, செயற்கைக்கோளோடு பேசும் கருவியை ஒவ்வொரு இடத்திலும் மணிக்கணக்கில் வைத்து, கால்வாய் போகும் வழியில் இருந்த கற்களின் இடத்தையெல்லாம் சென்டிமீட்டர் சுத்தமாகக் குறித்தது. அவர்களுக்கு வழிகாட்டியவள் நான். கால்வாய் வரவில்லை. பட்டியலின் நகல் மட்டும் என் பீரோவில் இருந்தது. அதில் இந்தக் கல்லும் இருந்தது. இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா என்று நினைத்தேன்.

மார்கழி ஆரம்பம். ஊரே கூடி நின்றது. கல் மேல் ரோவரை வைத்தேன். உங்கள் கையில் இருக்கும் அதே செயற்கைக்கோள் கருவிதான். இரண்டு நிமிடத்தில் எண்கள் வந்தன. பட்டியலோடு ஒப்பிட்டேன். கல், இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வடகிழக்கே தள்ளி நின்றது. அதாவது தனபாலின் கொல்லைக்குள்.

“கல்லு எடம் மாறியிருக்கு” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஏகாம்பரம் முன்னால் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். “நான் தொடலம்மா. எங்க நைனா காலத்துலருந்து அது அங்கியேதான் கீது” என்றார். நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் யோசித்துவிட்டு, “போன மாசம் மழையப்போ நெலம் நடுங்கிச்சே, வூட்ல பாத்திரமெல்லாம் உருண்டுச்சே, அதுல எதுனா நகந்திருக்குமா?” என்று கேட்டார்.

நம் பக்கம் அப்படி லேசான அதிர்வு எப்போதாவது வரும். சுவரில் ஒரு விரிசல், பூமிக்கு அடியில் ஒரு உறுமல், அதோடு சரி. அந்தக் கார்த்திகையிலும் வந்தது. அதற்கெல்லாம் கல் நகராது என்பது எனக்குத் தெரியும். பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“நடுக்கத்துக்கு இந்த ஒரு கல்லு மட்டும் எழுந்து நடந்து உங்க மச்சான் கொல்லைக்குள்ள போய் நின்னுக்கிச்சா?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரத்தின் முகம் செத்துப்போனது. அந்தச் சிரிப்பு அடங்கியதும் அவர் ஒன்று கேட்டார். அதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். “மேற்கால என் கொல்லை கடைசில இன்னொரு கல்லு கீதும்மா. அதுலயும் ஒரு வாட்டி மிசின வெச்சிப் பாருங்க.”

அந்தக் கல்லும் என் பட்டியலில் இருந்தது. நூறு அடி நடந்தால் போதும். மணி ஒன்றரை, பசி. அன்றைக்கு முடிக்க வேண்டிய சர்வே நம்பர்கள் இன்னும் ஆறு. “தகராறு இந்தக் கல்லுலதான். அந்தக் கல்லப் பத்தி யாரும் கேக்கல” என்று சொல்லிவிட்டேன். அளக்க உதவிக்கு வரும் செயின்மேன் என் முகத்தையே பார்த்தார். டேப் ஜீப்பில் இருந்தது. பழைய முறைப்படி கல்லுக்குக் கல் டேப் போட்டு, சர்வே புத்தகத்தில் இருக்கும் அளவோடு சரிபார்க்கட்டுமா என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

ஏகாம்பரம் கடைசியாக, “கற்பூரம் ஏத்துங்க. அணச்சி சத்தியம் பண்றேன்” என்றார். அந்த ஊர்களில் அது சாதாரண வார்த்தை இல்லை. பொய்ச் சத்தியம் செய்து எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தால் வம்சமே அணைந்துபோகும் என்று நம்புகிறவர்கள். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் ஒருவர் அப்படிக் கேட்கிறார் என்றால் அதை ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். “மிசினு முன்னாடி கற்பூரம் எதுக்கு?” என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினேன். இப்போது எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று மாலையே தனபால் நிச்சயத்தை முறித்துவிட்டார். கல்லை நகர்த்துகிறவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்று தெருவில் நின்று சொன்னாராம். ஒரு வாரம் கழித்து அந்த ஊர் வருவாய் அதிகாரி, வி.ஆர்.ஓ., எனக்குப் போன் செய்தார். பிரச்சினை தீர்ந்தது மேடம் என்றார். ஏகாம்பரம் கோயில் முன்னால் நின்று, நான்தான் நகர்த்தினேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். எழுதியும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் குறித்த இடத்தில் அவரே குழி வெட்டிக் கல்லை நட்டுவிட்டார். ஒத்துக்கொண்டதே போதும் என்று தனபால் இறங்கிவர, தை மாதக் கல்யாணம் மறுபடி உறுதியானது. நான் ஆபீஸில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் போயிற்று. ட்ரோன் படம் எடுப்பதற்கு அதே ஊரில் சில இடங்களைக் குறிக்க வேண்டியிருந்தது. ஏரிக்கரையில் ஒரு பாறை உண்டு. மண்ணுக்கு மேலே தெரிவது கொஞ்சம், உள்ளே போவது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பழைய குழு அதன் உச்சியில் உளியால் ஒரு கூட்டல் குறி வெட்டிவிட்டுப் போயிருந்தது. பட்டியலில் முதல் எண் அதுதான். சும்மா ஒரு ஒப்பீட்டுக்காக ரோவரை அந்தக் குறியின் மேல் வைத்தேன்.

பாறை, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வடகிழக்கே தள்ளி இருந்தது.

கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே எண். பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாக நடந்தேன். மடை ஓரத்துக் கல், பள்ளிக்கூடத்துக் கல், சுடுகாட்டுக் கல். எல்லாம் அதே அளவு, அதே திசை. கடைசியாக ஏகாம்பரத்தின் மேற்குக் கல்லில் வைத்தேன். அதுவும் அப்படித்தான். அன்றைக்கு அவர் கெஞ்சியபோது இதில் வைத்திருந்தால், அவருடைய நிலத்தையும் யாரோ அதே ஒரு மீட்டர் திருடியிருப்பதாகக் காட்டியிருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கணக்கு தப்பு என்று சொல்லியிருக்கும். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்தே ஹைதராபாத்துக்குப் போன் செய்தேன். பேசியது பழைய குழுவின் தலைவராக வந்தவரிடம். அவர் ஓய்வு பெற்று ரொம்ப நாளாகிறது. அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. நான் எண்களையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டுத் தெலுங்கில் ஒரு கேள்வி கேட்டார். என் பட்டியல் எந்த வருடத்தது? பதினெட்டு வருடம் ஆகிறது என்றேன். “வருடத்துக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர். நீயே பெருக்கிப் பாரம்மா” என்றார். பிறகு, “யாருக்காவது கெடுதல் நடந்துவிட்டதா?” என்று கேட்டார். நடந்துவிட்டது என்றேன். அவர் மேலே கேட்காமல் போனை வைத்துவிட்டார்.

நீங்களும் இதைப் படித்திருப்பீர்கள். நானும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினவள்தான். நாம் நிற்கிற பூமித்தட்டு, நகம் வளர்கிற வேகத்தில், வடகிழக்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது. முன்னால் இன்னொரு தட்டு வழிவிடாமல் நிற்கிறது. முட்டி முட்டித்தான் இமயமலை எழுந்தது. நெருக்கம் தாங்காமல் அங்கே பாறை உடையும்போது பெரிய நிலநடுக்கம் வருகிறது, ஊர்கள் விழுகின்றன, ஆறுகள் திசை மாறுகின்றன. இங்கே நமக்கு ஒரு சத்தமும் இல்லை. நகரி மலை, திருமலை, ஏரி, கொல்லை, கொல்லையில் நிற்கிற நீங்கள் என்று எல்லாம் சேர்ந்து போவதால் எதுவும் நகர்ந்ததாகத் தெரியாது. வானத்திலிருந்து பார்க்கும் கருவிக்கு மட்டும் தெரியும். பதினெட்டு வருடத்துக்கு முந்தைய வானத்து அளவையும் இன்றைய வானத்து அளவையும் நேராக ஒப்பிட்டால், நாடு நடந்த தூரம் ஒரு மனிதரின் தலையில் விழும். நான் அதைத்தான் செய்தேன். ஒரு கல்லை மட்டும் அளந்து யாரைப் பற்றியும் தீர்ப்பு எழுதாதீர்கள். பக்கத்துக் கல்லைக் கேளுங்கள். எதிராளி ஒன்றைச் சரிபார்க்கச் சொன்னால், பசித்தாலும், அவர் பொய் சொல்கிறார் என்று நீங்கள் நினைத்தாலும், சரிபாருங்கள்.

தாசில்தாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “வதிலேயண்டி மேடம், ராஜி அயிப்போயிந்தி கதா” என்றார். அவர்களே சமாதானமாகப் போய்விட்டார்கள், விட்டுவிடுங்கள் என்று. இது வெளியே தெரிந்தால், எந்த ஊரிலும் எந்த அளவையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்றும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கும் விட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது. ஓய்வுக்கு அதிக நாள் இல்லை, விசாரணை என்று வந்தால் என் மேல்தான் வரும். அதனால் என் மனசு மாறுவதற்குள் அங்கேயே உட்கார்ந்து, நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்து ஏகாம்பரத்திடம் போனேன். கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து காலடி மண்ணைப் பார்த்தார்.

“அப்போ நெலம்தான் போய்க்கினு இருக்குதா?”

“ஆமாங்க. எதுனா நகந்திருக்குமான்னு நீங்க அன்னைக்குக் கேட்டது சரி. நான்தான் கேலி பண்ணேன். செய்யாதத ஏன் ஒத்துக்கினீங்க?”

“பொண்ணு மூணு நாளா ஒண்ணும் துன்னாம கெடந்துச்சிம்மா. அந்தாண்ட என் தங்கச்சி அழுதுக்கினு இருக்கா. நான் ஒருத்தன் திருடன்னு சொல்லிட்டா எல்லாம் சரியாப் பூடும்னு தோணிச்சி. சொல்லிட்டேன்.”

இன்றைக்கே ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அவர் பதறிப்போனார். “வேணாம்மா! ஒம்போது நாள்ல கல்யாணம். தனபாலு ரோஷக்காரன். இப்ப தெரிஞ்சிதுன்னா, எந்த மூஞ்ச வெச்சிக்கினு பொண்ணு எடுக்கறதுன்னு அவனே நிறுத்திப்புடுவான். முடியற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க.”

உடனே சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கியிருக்கும். ஆனால் அது அவர் பெண்ணின் தலையில் இறங்கும். எந்த நாளில் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை எனக்கு இல்லை, அவருக்குத்தான் என்று பட்டது. சரி என்றேன்.

கல்யாணம் நாராயணவனத்தில். ஏகாம்பரம் எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார். போனேன். பந்தியில் எனக்குப் பக்கத்தில் வெளியூர்க்காரர் இருவர். “பொண்ணோட அப்பா யாரு?” என்று ஒருவர் கேட்டார். “அதோ, தாம்பூலம் குடுத்துக்கினு கீறான் பாரு, கல்லு நகத்தினவன்” என்றார் மற்றவர். ஏகாம்பரம் நாலடி தூரத்தில் நின்றார். கேட்காமல் இருந்திருக்க வழியே இல்லை. வெற்றிலையை எடுத்து அடுத்தவர் கையில் வைத்தார். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்த நான்காம் நாள், ஏகாம்பரத்தின் சம்மதத்தோடு, ஊரை ஏரிக்கரைப் பாறைக்கு அழைத்தேன். தாசில்தாரும் வந்தார், அது அவருடைய பெருந்தன்மை. பழைய பட்டியலை உரக்கப் படித்தேன். பாறையில் ரோவரை வைத்து எண்ணைச் சொன்னேன். கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் போனேன். கடைசியாக மேற்குக் கல்லிலும் வைத்து, அதே அளவு, அதே திசை என்று காட்டினேன். “எல்லாம் ஒண்ணா போயிருக்கு. கல்லை யாரும் தொடல. தப்பு என்னோடது” என்றேன். டேப் போட்டு, புத்தகத்து அளவுப்படி அந்தக் கல் முதலில் நின்ற இடம்தான் சரி என்றும் காட்டினேன்.

“அப்போ மச்சான் ஏன் நான்தான்னு ஒத்துக்கினாரு?” என்று தனபால் கேட்டார்.

புது மஞ்சள் தாலியோடு மருமகள் கூட்டத்தில் நின்றாள். தனபால் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவருக்கு விளங்கிவிட்டது.

“மிசினு தப்பு பண்ணும்மா” என்று என்னிடம் சொன்னார். “சின்னதுலருந்து அவரப் பாக்கறேன். எனக்கு எங்க போச்சி புத்தி?”

“மிசினு தப்பு பண்ணல, நான்தான்” என்றேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். ஏகாம்பரம் நட்ட கல்லைத் தானே பெயர்த்து, டேப் காட்டிய பழைய இடத்தில் நட்டார். உதவிக்கு வந்தவர்களைக் கிட்டே விடவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கிளம்பினேன். ஏகாம்பரம், வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள் என்றார். வீட்டில் உட்கார வைத்து, “இத்த எழுதிக் குடுங்கம்மா” என்றார்.

திருத்திய ஆணை ஆபீஸிலிருந்து தபாலில் வரும் என்றேன். அவர் போதாது என்று தலையை ஆட்டினார். “அது தெலுங்குல வரும். அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டதும் தெலுங்குதான். என்னான்னு எழுதியிருந்திச்சின்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரிஞ்சதுல எழுதிக் குடுங்க.”

என் அளவுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். இத்தனை வருட வேலையில் தமிழில் நான் எழுதிய ஒரே அரசாங்கக் காகிதம் அதுதான். அதுவும் செல்லாத காகிதம். ‘கல்லை ஏகாம்பரம் நகர்த்தவில்லை. யாரும் நகர்த்தவில்லை. அளந்த நான்தான் தவறு செய்தேன்’ என்று எழுதி, என் முழுப் பெயரையும் பதவியையும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

அவர் வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, மனைவிக்குக் கேட்கும்படி படித்தார். முடித்ததும் எழுந்து வாசலுக்குப் போனார். தெருவைப் பார்த்து நின்று, இன்னும் சத்தமாக, முதலிலிருந்து மறுபடி படித்தார்.